தாய்மைக்கு விலை பேசலாமா?

சென்ற ஆண்டு ஒரு நாள் மஃரிபுத் தொழுகையை முடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். எங்கள் மதரஸாவில் ஓதிச் சென்ற பிள்ளை ஒருத்தியின் தாயார் உள்ளறையில் என் துணைவியாருடன் பேசிக்கொண்டிருந்தார். கணவரை இழந்தவர், பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்ப்பவர். நான் வந்ததை அறிந்ததும், கதவுக்கு அப்பால் இருந்தபடியே தயங்கித் தயங்கி ஒரு கேள்வியைக் கேட்டார்.

"ஹஜ்ரத், குழந்தை இல்லாதவங்களுக்குக் கருமுட்டை கொடுத்தா பணம் தர்றாங்களாம். தெரிஞ்ச பொம்பளை ஒருத்தி வந்து சொல்றா. ரத்தம் கொடுக்கிற மாதிரிதான், ஒண்ணும் ஆகாதுங்கறா. மூத்தவளுக்கு நிக்காஹ் பேசி வச்சிருக்கேன். இளையவளைக் கொடுக்கச் சொல்லலாமா? மார்க்கத்துல இதுக்கு இடம் இருக்கா?"

கூடாது என்று உடனே சொல்லிவிட்டேன். அவர் அத்துடன் எழுந்து போயிருந்தால் இக்கட்டுரையை எழுதும் அவசியம் நேர்ந்திராது. அவர் இரண்டாவதாக ஒரு கேள்வியையும் கேட்டார். அதற்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. அந்தக் கேள்வியை இறுதியில் சொல்கிறேன். முதற்கேள்விக்கு நான் ஒரே சொல்லில் அளித்த விடையை விரித்துரைப்பது முதற்கடமை. ஏனெனில், இதே கேள்வி இன்று எத்தனையோ ஏழை வீடுகளின் வாசலில் வந்து நிற்கிறது.

ரத்தம் கொடுப்பது போன்றதா?

1978 ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. ராபர்ட் எட்வர்ட்ஸ் என்னும் அறிவியலாரும் பேட்ரிக் ஸ்டெப்டோ என்னும் மருத்துவரும் அதற்குக் காரணர்களாயினர். அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் நம் நாட்டிலும் அத்தகைய குழந்தை பிறந்தது. இவ்விரண்டிலும் மனைவியின் முட்டையும் கணவனின் வித்துமே உடலுக்கு வெளியே இணைக்கப்பட்டு, மனைவியின் கருப்பையிலேயே வைக்கப்பட்டன. ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1980களின் நடுப்பகுதிக்குள், ஒரு பெண்ணின் முட்டையைக் கொண்டு வேறொரு பெண் கருவுற்றுப் பிள்ளை பெறும் நிலை வந்துவிட்டது. மூன்றாம் ஆள் ஒருவர் இல்லறத்தின் உள்ளே நுழைந்தது அப்போதுதான்.

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து முதல் இருபது லட்சம் வரை கருமுட்டைகளை இறைவன் வைத்துவிடுகிறான். பூப்பெய்தும் வயதில் அவற்றுள் மூன்று நான்கு லட்சமே எஞ்சுகின்றன. வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிவருபவை ஏறத்தாழ நானூறு மட்டுமே. மாதத்துக்குப் பொதுவாக ஒன்று. இரத்தமோ, கொடுத்த சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடுகிறது. கொடுப்பதும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

முட்டை எடுப்பது அவ்விதம் அன்று. மாதத்துக்கு ஒன்றாக முதிர வேண்டியதை ஒரே சமயத்தில் பலவாக முதிரச் செய்வதற்காக, பத்துப் பன்னிரண்டு நாள்கள் தொடர்ந்து ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். இடையிடையே ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். இறுதியாக ஓர் ஊசி போட்டு, ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்து, மயக்க மருந்து கொடுத்து, சினைப்பைக்குள் நீண்ட ஊசியைச் செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள்.

பெரும்பாலோர் இதிலிருந்து பெரிய கேடின்றி மீண்டு விடுகிறார்கள் என்பது உண்மையே. உள்ளதை மறைத்து அச்சுறுத்துவது நமக்கு நோக்கமன்று. ஆயினும் சிலருக்குச் சினைப்பைகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்கிவிடுகின்றன. வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. மிகச் சிலருக்கு இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து நேர்கிறது. இரத்தப்போக்கும் தொற்றும் ஏற்படக்கூடும். ஆகவே, 'ரத்தம் கொடுப்பது மாதிரிதான்' என்று சொல்லும் இடைத்தரகி அறியாமையால் பேசுகிறாள், அல்லது அறிந்தே பொய் பேசுகிறாள்.

நம் கண்முன் நடந்தவை

2010ஆம் ஆண்டு மும்பையில் 17 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். கூலி வேலை செய்துவந்த அவள், ஒன்றரை ஆண்டு காலத்துக்குள் மூன்று முறை கருமுட்டை கொடுத்தவள். மூன்றாம் முறை கொடுத்த சில நாள்களில் மரணம் நேர்ந்தது. இதில் மருத்துவமனையின் பங்கு என்ன என்று மும்பை உயர்நீதிமன்றம் 2012இல் வினவியது. 2014ஆம் ஆண்டு தலைநகர் டெல்லியிலும் முட்டை கொடுத்த இளம்பெண் ஒருத்தி உயிரிழந்தாள். அவளுக்கும் சின்னஞ்சிறு பிள்ளை ஒன்று இருந்தது.

இவையெல்லாம் எங்கோ தொலைவில் நடந்தவை என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. 2022 ஜூன் மாதம் ஈரோட்டில் வெளிவந்த செய்தி தமிழகத்தையே உலுக்கியது. 16 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பல ஆண்டுகளாகச் செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்கு அழைத்துச் சென்று, எட்டு முறை கருமுட்டை எடுக்கச் செய்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சிறுமியின் வயதைக் கூட்டிக்காட்டப் போலி ஆதார் அட்டை தயாரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் இருபதாயிரம் ரூபாய் கிடைத்தது என்றும், ஐயாயிரம் ரூபாய் இடைத்தரகிக்குப் போயிற்று என்றும் செய்திகள் வந்தன. கைது செய்யப்பட்டவர்கள் யார்? சிறுமியைப் பெற்ற தாய், அந்தத் தாயின் துணைவன், இடைத்தரகி, போலி அட்டை தயாரிக்க உதவியவன். சிறுமி தப்பியோடி உறவினர்களிடம் முறையிட்டதால்தான் விவகாரம் வெளியே வந்தது. விசாரணை, தமிழகத்தின் பல ஊர்களையும் தாண்டி ஆந்திரம், கேரளம் வரை நீண்டது. சம்பந்தப்பட்ட மருத்துவமனைகள் மீது தமிழக அரசு நடவடிக்கை எடுத்தது.

அச்சிறுமி எந்தச் சமயத்தவள் என்பது கேள்வியன்று. அவள் ஆதமுடைய மக்களில் ஒருத்தி. பெற்ற தாயே மகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் அளவுக்கு ஒரு வணிகம் வளர்ந்திருக்கிறதே, அதன் வேர் எங்கே என்பதே கேள்வி.

'உழைப்புக்குக் கூலி' என்னும் வாதம்

இதற்கு ஒரு மறுப்புரை உண்டு. அதை நேர்மையோடு எடுத்துக்காட்டியே ஆகவேண்டும். மருத்துவர் கட்டணம் பெறுகிறார். மையத்தின் உரிமையாளர் இலாபம் பெறுகிறார். மருந்து நிறுவனம் விலை பெறுகிறது. ஊசியையும் வலியையும் ஆபத்தையும் தாங்கிக்கொள்ளும் பெண்ணுக்கு மட்டும் 'தானம்' என்று பெயர் சூட்டி வெறுங்கையோடு அனுப்புவது எந்த நீதி என்று கேட்கிறார்கள். அவளுக்குத் தருவது முட்டைக்கு விலை அன்று, அவள் பட்ட சிரமத்துக்குக் கூலி என்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான வாதமாகவே தோன்றும்.

ஆனால் உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் இருக்கிறது. சிரமத்துக்குத்தான் கூலி என்றால், ஒரே சிரமத்துக்கு ஒரே கூலியாக அல்லவா இருக்க வேண்டும்? 1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் மாணவர் இதழ்களில் ஒரு விளம்பரம் வெளிவந்தது. ஐந்தடி பத்து அங்குலத்துக்குக் குறையாத உயரமும், விளையாட்டுத் தேர்ச்சியும், கல்லூரி நுழைவுத் தேர்வில் 1,400க்குக் குறையாத மதிப்பெண்ணும் கொண்ட மாணவியின் முட்டைக்கு 50,000 டாலர் தருவதாக அதில் கண்டிருந்தது. அந்நாட்டு இனப்பெருக்க மருத்துவர்களின் சங்கம் 2000ஆம் ஆண்டில், ஐயாயிரம் டாலருக்கு மேல் கொடுத்தால் காரணம் காட்டவேண்டும், பத்தாயிரத்துக்கு மேல் கொடுப்பது முறையன்று என்று வரம்பு வகுத்தது. முட்டை கொடுத்த பெண்கள் சிலர், இந்த வரம்பு எங்கள் விலையைக் குறைக்கும் சதி என்று 2011இல் வழக்குத் தொடுத்தார்கள். 2016இல் சமரசம் ஏற்பட்டு, அந்த வரம்பு கைவிடப்பட்டது.

நெட்டையான பெண்ணுக்கும் குட்டையான பெண்ணுக்கும் ஊசியின் வலி ஒன்றுதான். மதிப்பெண் கூடுவதால் மயக்க மருந்தின் ஆபத்துக் கூடுவதில்லை. அப்படியிருக்க ஒருத்திக்கு ஐம்பதாயிரம் டாலர், ஈரோட்டுச் சிறுமிக்கு இருபதாயிரம் ரூபாய் என்றால், விலை பேசப்பட்டது சிரமம் அன்று. அவர்களுடைய குலமும் நிறமும் உயரமும் அறிவும்தான் என்பது வெட்டவெளிச்சமாகிறது. ஆடு மாடு வாங்கும் சந்தையில்தான் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை சொல்வார்கள்.

இங்கிலாந்தில் வேறு முறை கையாளப்படுகிறது. அங்கே 2012 முதல் எல்லாப் பெண்களுக்கும் ஒரே தொகையாக 750 பவுன் இழப்பீடு என்று விதித்தார்கள். பின்னர் அதைச் சற்று உயர்த்தினார்கள். தகுதிக்கேற்ற விலை அங்கே இல்லை. அமெரிக்க முறையைவிட இது மேலானதே. எனினும் வறுமையில் வாடுபவளுக்கு அந்தத் தொகையே பெருந்தொகைதான். வயிறு நிறைந்தவள் ஏற்கவும் மறுக்கவும் உரிமை உடையவள். அடுப்பில் உலையேற வழியில்லாதவளின் 'சம்மதம்' அவள் நாவில் இருக்கிறதே தவிர, நெஞ்சில் இருப்பதில்லை.

பாலுக்குக் கூலி உண்டு. முட்டைக்கு ஏன் இல்லை?

இனி, மார்க்கத்தின் நிலைக்கு வருவோம். மதரஸாவில் ஃபிக்ஹு ஓதும் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "பாலூட்டும் செவிலித்தாய்க்குக் கூலி கொடுக்கச் சொல்லி மார்க்கமே அனுமதிக்கிறதே! பாலும் பெண்ணின் உடலிலிருந்து வருவதுதானே? அது கூடுமென்றால் இது ஏன் கூடாது?"

கூர்மையான கேள்வி. மணவிலக்குப் பெற்ற தாய் பிள்ளைக்குப் பாலூட்டினால் அவளுக்குரிய கூலியைக் கொடுத்துவிடுமாறு சூரத்துத் தலாக்கில் இறைவன் பணிக்கிறான். அண்ணல் நபி (ஸல்) அவர்களே ஹலீமா அம்மையாரிடம் பால் குடித்து வளர்ந்தவர்கள். கறந்து வைத்த தாய்ப்பாலை விற்பது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. மனித உடலின் எப்பகுதியும் வணிகப் பொருள் அன்று என்ற அடிப்படையில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அது தூய்மையான உணவு என்ற அடிப்படையில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அனுமதித்தார்கள். அனுமதித்த இமாமும்கூட அதை உணவு என்றே கருதினார்கள் என்பது கவனத்துக்குரியது. பால் பிறந்த குழந்தையை வளர்க்கிறது. முட்டையோ, பிறக்கப்போகும் குழந்தையின் மூலமாகவே அமைகிறது. அதில் நஸபு, அதாவது வமிசம், அடங்கியிருக்கிறது. உணவை விற்கலாம், வமிசத்தை விற்க முடியுமா?

இன்னொன்றையும் நோக்க வேண்டும். வளர்க்கும் பாலுக்கே மார்க்கம் எவ்வளவு பேணுதலை விதித்திருக்கிறது! பாலூட்டியவள் தாய், அவள் பிள்ளைகள் சகோதர சகோதரிகள், அவர்களிடையே திருமணம் ஹராம். உக்பா பின் ஹாரிஸ் (ரலி) அவர்கள் ஒரு பெண்ணை மணந்திருந்தார்கள். ஒரு மாது வந்து, உங்கள் இருவருக்குமே நான் பாலூட்டியிருக்கிறேன் என்றார். உக்பா (ரலி) அவர்களுக்கு அது தெரியாது. உடனே மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பயணம் செய்து, நபி (ஸல்) அவர்களிடம் விவரத்தைச் சொன்னார்கள். அவ்வளவு சொல்லப்பட்ட பின் அந்த மணவாழ்வைத் தொடர்வதை நபியவர்கள் ஏற்கவில்லை. உக்பா (ரலி) அவர்கள் மனைவியைப் பிரிந்தார்கள். புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

சில மிடறு பாலைப் பற்றிய ஒரு பெண்ணின் சொல்லுக்கே இவ்வளவு மதிப்பு! பல தாய்மார்களின் பாலை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் பால் வங்கிகளையே, எவர் பால் எவருக்குச் சென்றது என்று தெரியாமற்போகும் என்ற காரணத்தால், இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த ஃபிக்ஹு அகாடமி 1985இல் ஜித்தா நகரில் கூடித் தடுத்துவிட்டது. அப்படியிருக்க, பெயர் மறைத்து, முகம் மறைத்து, சிலசமயம் போலி அட்டையைக் காட்டி எடுக்கப்படும் முட்டையைப் பற்றி என்ன சொல்வது? எட்டு முறை எடுக்கப்பட்ட அந்த ஈரோட்டுச் சிறுமியின் முட்டைகளிலிருந்து எந்தெந்த ஊரில் எத்தனை குழந்தைகள் வளர்கின்றனவோ! நாளை அவளுக்கே திருமணமாகிப் பிள்ளைகள் பிறந்தால், அவர்களும் இவர்களும் ஒருவரையொருவர் அறியாமல் மணந்துகொள்ள மாட்டார்கள் என்பதற்கு யார் பொறுப்பு?

இத்தகைய குழந்தைக்குத் தாய் யார் என்பதிலும் சிக்கல் எழுகிறது. பெற்றெடுத்தவளே தாய் என்பதற்குச் சூரத்துல் முஜாதலாவில் ஆதாரம் காட்டுகிறார்கள் ஒரு சாரார். முட்டைக்குரியவளே மூலத்தாய் என்கிறார்கள் மற்றொரு சாரார். வாரிசுரிமை, மஹ்ரம் முறை, பராமரிப்பு ஆகிய எல்லாமே இந்த ஒன்றைப் பொறுத்தவை. தன் தாய் யார் என்பதற்கே அறிஞர்கள் வாதம் புரிய வேண்டிய நிலையில் ஒரு குழந்தையைத் திட்டமிட்டு உலகுக்குக் கொண்டுவருவது அக்குழந்தைக்குச் செய்யும் முதல் அநீதி அல்லவா?

ஸைது பின் ஹாரிஸா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மகனாகவே வளர்த்தார்கள். மக்கள் ஸைது பின் முஹம்மது என்றே அழைத்தார்கள். ஆயினும் பிள்ளைகளை அவர்களின் உண்மைத் தந்தையர் பெயராலேயே அழைக்கும்படி சூரத்துல் அஹ்ஸாபில் கட்டளை இறங்கியதும், அவர் மீண்டும் ஸைது பின் ஹாரிஸா ஆனார். படைப்பினங்களில் உயர்ந்தவரின் பெயரை நீக்கியேனும் பெற்றவரின் பெயரை நிலைநாட்டிய மார்க்கம் இது. வமிசத்தை மறைக்க முடியாது என்பதை மேலைநாட்டவரும் பட்டறிந்தே உணர்ந்தார்கள். இங்கிலாந்தில் 2005 ஏப்ரலுக்குப் பின் முட்டை கொடுத்தவர்களின் விவரத்தை, பிறந்த பிள்ளை 18 வயது எய்தியதும் கேட்டறியலாம் என்று சட்டமே செய்துவிட்டார்கள்.

ஆலிம்கள் கூறிய முடிவு

மருத்துவத்தை மார்க்கம் எதிர்க்கிறது என்று எவரும் தவறாகக் கொள்ள வேண்டாம். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு ஜாதுல் ஹக் அவர்கள் 1980 மார்ச் மாதத்திலேயே, கணவன் மனைவிக்கிடையே மட்டும் நடைபெறும் சோதனைக் குழாய்ச் சிகிச்சை கூடும், மூன்றாமவர் புகுந்தால் கூடாது என்று ஃபத்வா வழங்கினார்கள். 1986 அக்டோபரில் ஜோர்டானின் அம்மான் நகரில் கூடிய ஃபிக்ஹு அகாடமி, செயற்கைக் கருத்தரிப்பின் ஏழு முறைகளை ஆராய்ந்தது. கணவனின் வித்தும் மனைவியின் முட்டையும் சேர்ந்து மனைவியின் கருப்பையிலேயே வளரும் இரண்டு முறைகளை மட்டும் தேவைக்கேற்ப அனுமதித்தது. மூன்றாமவர் புகும் ஐந்து முறைகளையும் ஹராம் என்று தீர்மானித்தது.

ஈரானில் ஷீஆ அறிஞர் ஆயத்துல்லாஹ் காமினீ 1999ஆம் ஆண்டு நிபந்தனைகளுடன் முட்டை தானத்தை அனுமதித்தார் என்பதையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. ஆனால் நாம் பின்பற்றும் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளைச் சார்ந்த ஆலிம்களின் நிலை தெளிவானது.

நாட்டுச் சட்டமும் இப்போது கடுமையாகியிருக்கிறது. 2021ஆம் ஆண்டில் நிறைவேறி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி, முட்டை கொடுப்பவளுக்கு வயது 23 முதல் 35க்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. அவள் பெயரில் ஓராண்டுக்குக் காப்பீடு செய்ய வேண்டும். முட்டையை விற்பதும், இடைத்தரகரை வைத்து ஆள் பிடிப்பதும் குற்றம். முதல் முறைக்கு ஐந்து முதல் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் மூன்று முதல் எட்டு ஆண்டு வரை சிறைவாசமும் உண்டு. ஆகவே, ஏழை வீட்டு வாசலில் வந்து பணத்தாசை காட்டுபவள் மார்க்கத்துக்கு மட்டுமன்று, சட்டத்துக்கும் குற்றவாளியே. அப்படி எவரேனும் வந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை.

மடி நிறையாதவர்களின் கண்ணீர்

இத்தனையும் எழுதியபின், குழந்தைக்காக ஏங்கும் சகோதரிகளை மறந்துவிட்டால் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். அவர்களின் ஏக்கம் பாவம் அன்று. ஸகரிய்யா (அலை) அவர்கள் தலைநரைத்த முதுமையிலும் பிள்ளை வேண்டி இரகசியமாக மன்றாடினார்கள். ஆண் மக்களையும் பெண் மக்களையும் தான் நாடியோருக்குத் தருவதாகவும், நாடியோரைப் பிள்ளைப் பேறற்றவராக ஆக்குவதாகவும் சூரத்துஷ் ஷூராவில் இறைவன் அறிவிக்கிறான். இது அவன் ஏற்பாடு. எவருக்கும் தண்டனை அன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தம் சகோதரி மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் 'உம்மு அப்தில்லாஹ்' என்று அழைக்கப்பட்டார்கள். உம்மத்தின் பாதிக் கல்வி அவர்கள் வீட்டு வாசலில் அல்லவா கிடைத்தது!

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? மணமாகி இரண்டாண்டு கடந்தால், விசேஷ வீட்டுக்குப் போகவும் அஞ்சுகிறாள் மருமகள். குறை ஆணிடமும் இருக்கலாம் என்று மருத்துவம் சொன்னாலும், மகனைச் சோதனைக்கு அனுப்ப மறுக்கும் மாமியார் எத்தனை பேர்! 'மலடி' என்ற சொல்லுக்கு அஞ்சித்தான் பலர் எந்த விலை கொடுத்தும் யாருடைய முட்டையையேனும் வாங்கத் துணிகிறார்கள். வாங்குபவளை அங்கே துரத்தியது நம் நாவுதான்.

மார்க்கம் வழியின்றி விட்டுவிடவில்லை. கணவன் மனைவி இருவருமே சோதனை செய்துகொண்டு, அனுமதிக்கப்பட்ட சிகிச்சையை மேற்கொள்ளலாம். அதுவும் பலிக்காவிட்டால், அநாதைப் பிள்ளையை ஏற்று வளர்க்கலாம். பெற்றவர் பெயரை மாற்றாதிருந்தால் போதும். பருவமெய்திய பின் மஹ்ரம் சிக்கல் வருமே என்று அஞ்சுபவர்களுக்கு ஃபிக்ஹு நூல்களில் அழகான வழி உண்டு. குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள், ஆண் குழந்தையானால் மனைவியின் சகோதரியும், பெண் குழந்தையானால் கணவனின் சகோதரியும் பாலூட்டிவிட்டால், வளர்ப்பவர் மஹ்ரமாகிவிடுகிறார். ஷாஃபிஈ மத்ஹபுப்படி ஐந்து முறை பாலூட்ட வேண்டும். ஹனஃபீ மத்ஹபுப்படி ஒரு முறையே போதும். முன்பே உள்ளூர் ஆலிமிடம் கேட்டுச் செய்துகொள்வது நலம்.

அந்த இரண்டாவது கேள்வி

இப்போது, அன்று அந்தத் தாயார் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நான் கூடாது என்றதும் சற்று நேரம் அமைதியாக இருந்தார். பிறகு சொன்னார்:

"ஹராம்னு சொல்லிட்டீங்க ஹஜ்ரத். சரி, விட்டுடறேன். மாப்பிள்ளை வீட்டுல கேட்கிற கைக்கூலி? அதுவும் ஹராம்தானே? அந்த நிக்காஹுக்குக் குத்பா ஓத நீங்கதானே வருவீங்க?"

நான் தலைகுனிந்தேன். மஹர் கொடுத்து மணக்க வேண்டியவன், கைக்கூலி வாங்கி மணக்கிறான். அந்தச் சபையில் நாங்கள் அமர்ந்து துஆச் செய்துவிட்டு, விருந்தும் உண்டு திரும்புகிறோம். அந்தக் கைக்கூலிக்காகத்தான் ஒரு தாய் மகளுடைய கருமுட்டைக்கு விலை விசாரிக்க வருகிறாள். அவளிடம் மட்டும் 'ஹராம்' என்ற சொல்லை உரத்துச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

மறுநாளே ஜமாஅத் நிர்வாகிகளிடம் சென்று, பெயரைச் சொல்லாமல் நிலைமையை எடுத்துரைத்தேன். இரண்டு கூட்டங்கள் நடந்தன. சிலர் சலித்துக்கொண்டார்கள், சிலர் தாமாகவே முன்வந்தார்கள். மாப்பிள்ளையின் தந்தையிடம் மூத்தவர்கள் மூவர் சென்று பேசினார்கள். அவர் முழுவதையும் விட்டுவிடவில்லை, பெரும்பகுதியை விட்டார். நகைக்கு வேண்டியதைப் பைத்துல்மாலிலிருந்து கொடுத்தோம். நிக்காஹ் நடந்தது. இளையவள் இப்போது தையல் பயில்கிறாள். கைக்கூலி பேசிய நிக்காஹ் மஜ்லிஸுக்கு இனிச் செல்வதில்லை என்று நான் நிய்யத் வைத்திருக்கிறேன். அதனால் சில வீடுகளின் அழைப்பு நின்றுபோயிற்று. அல்ஹம்துலில்லாஹ்.

இக்கட்டுரையைப் படிக்கும் ஜமாஅத் பெரியவர்களிடம் ஒன்றை வேண்டுகிறேன். ஸகாத்தைச் சில்லறையாகப் பகிர்ந்து முடித்துவிடாமல், கடனிலும் கைக்கூலியிலும் சிக்கித் தவிக்கும் விதவைகளின் பட்டியலை மஹல்லாதோறும் எடுங்கள். தேவையை வாய்விட்டுச் சொல்ல நாணுபவர்களை நாமே தேடிச் செல்ல வேண்டும்; இடைத்தரகி அவர்கள் கதவைத் தட்டுவதற்கு முன் நாம் தட்ட வேண்டும். தாய்மார்களிடமும் ஒன்றை வேண்டுகிறேன். பிள்ளை இல்லாத மருமகளைக் குத்திக் காட்டும் நாவைக் கட்டுப்படுத்துங்கள். மகனுக்குப் பெண் பார்க்கும்போது கையை ஏந்தாதீர்கள்.

ஹராம் என்று ஒரு கதவை மார்க்கம் அடைக்கும்போது, ஹலாலான கதவைத் திறந்துவைக்கும் பொறுப்பைச் சமுதாயத்திடம் ஒப்படைத்திருக்கிறது. அடைத்ததை மட்டும் எடுத்துச் சொல்லி, திறக்க வேண்டியதைத் திறவாமல் விட்டோமானால், நாளை மஹ்ஷரில் அந்த ஏழைத் தாயின் இரண்டாவது கேள்வி நம் அனைவரையும் நோக்கி எழும். அன்று விடை சொல்லும் தகுதியை வல்ல நாயன் நமக்கு இங்கேயே தந்தருள்வானாக! பிள்ளைப் பேறின்றி ஏங்குவோருக்கு ஸாலிஹான மக்களையும், வறுமையில் வாடுவோருக்கு ஹலாலான வாழ்வாதாரத்தையும் அருள்வானாக! ஆமீன்.